கோதுமை இல்லாத மீனும் சிப்ஸும்: ஐந்து வெள்ளிக்கிழமைகள்

இங்கிலாந்தின் வடக்கே உள்ள லீட்ஸுக்கு வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை அடுப்பு பற்றவைத்ததில்லை. தெருமுனைக் கடையில் மூன்று பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்கிவருவோம். பொட்டலத்தின் மேல், எண்ணெயில் உதிர்ந்து பொரிந்த மாவுத் துணுக்குகளைக் கேட்டால் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுத் தருவார்கள். இங்கே அதற்கு ஸ்கிராப்ஸ் என்று பெயர். என் மகளுக்கு மீனைவிட அதுதான் உயிர்.

போன ஆண்டு அவளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அன்றோடு வெள்ளிக்கிழமை வழக்கம் நின்றது. இது ஒவ்வாமை அல்ல. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். பிரிட்டனில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறதாம். மருந்து கிடையாது, கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுக்க விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வைத்த அரசு, மீனுக்கும் சிப்ஸுக்கும் வைக்கவில்லை. அரசே கைவைக்கத் தயங்கிய பண்டத்தைப் பதினொரு வயதுக் குழந்தையிடமிருந்து நான் பிடுங்கினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். அரிசி மாவில் தனியாகத் தோய்த்துத் தருகிறேன் என்றார். ஆனால் எண்ணெய் ஒன்றுதான். நாள் முழுக்கக் கோதுமை மாவு மிதந்த எண்ணெயில் அரிசி மாவைப் போட்டு என்ன பயன்? தனி எண்ணெய் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. எங்களுக்கு அருகில் இருப்பதற்கே இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் சட்டி நிறைய எண்ணெய் காயவைத்தாலோ, இந்தச் சின்ன வீட்டில் புகை எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டிவிடும். மிச்சம் இருந்தது ஏர் ஃபிரையர்.

முதல் வெள்ளி. பஜ்ஜி போடத் தெரிந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற திமிரோடுதான் இறங்கினேன். அரிசி மாவு, கார்ன்ஃப்ளார், கொஞ்சம் கடலை மாவு, குளூட்டன் இல்லாத பேக்கிங் பவுடர், உப்பு, குளிர்ந்த சோடா. பஜ்ஜி மாவுப் பதத்தில் கரைத்து, ஹாடக் மீன் துண்டை முக்கி எடுத்துக் கூடையில் வைத்தேன். 200 டிகிரி. ஆறு நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தால் மீன் அம்மணமாகக் கிடந்தது. மாவு முழுவதும் ஓட்டைகள் வழியாக வழிந்து, அடித்தட்டில் பாதி வெந்த அடையாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

தப்பு மாவில் இல்லை. 180 டிகிரி எண்ணெயில் விழுந்த மாவு சில நொடிகளில் இறுகி ஓடாகிவிடுகிறது. 200 டிகிரி காற்றுக்கு அதே வேலைக்குச் சில நிமிடங்கள் வேண்டும். எண்ணெய் அளவுக்குக் காற்று வெப்பத்தைக் கடத்தாது. அந்தச் சில நிமிடங்களில் மாவு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். பெயரில் ஃபிரையர் என்று இருக்கிறதே தவிர, இது விசிறி வைத்த சின்ன ஓவன்தான்.

இரண்டாம் வெள்ளி. வழிவதைத் தடுக்க பேக்கிங் காகிதம் விரித்தேன். கூடையைக் காலியாகச் சூடாக்கும்போதே காகிதத்தைப் போட்டது மடத்தனம். விசிறிக் காற்றில் எழும்பிப் போய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டி ஓரம் கருகியது. இரண்டாவது காகிதத்தின் மேல் மீனை வைத்தேன். மேல்பக்கம் வெளுத்த சுண்ணாம்பு, கீழ்ப்பக்கம் களி. அன்றைக்கு ரசம் சாதம்.

ரசத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து அப்புறப்படுத்திவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தோம். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வீட்டில் உள்ள மசாலாப் பட்டியலைக் கேட்டபோதுதான் என் மனைவி பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவு. தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் நாங்களே கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். கடுகு விழுதுகளிலும் சிலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. மொறுமொறுப்புக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் தூளாக்கிப் போடலாம் என்று யோசித்தேன். பெட்டியைப் படித்தால் பார்லி மால்ட். இந்த நாட்டில் இத்தகைய பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று சட்டமே இருப்பது பெரிய உபகாரம்.

இதற்கிடையில் சிப்ஸ் தேறிவிட்டது. நம் ஊரில் சிப்ஸ் என்றால் வட்டமாகச் சீவிய வறுவல். இங்கே அதற்குக் கிரிஸ்ப்ஸ் என்று பெயர், சிப்ஸ் என்றால் விரல் தடிமன். முதல் வாரம் கையில் கிடைத்த புதுக் கிழங்கைப் போட்டதில் தோல் செருப்பு மாதிரி வந்தது. கடைக்காரரைக் கேட்டேன். மேரிஸ் பைப்பர் வாங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்தார். 1966-இல் அறிமுகமான ரகம். மாவுப் பிடிப்புள்ள கிழங்கு. விரல் தடிமனில் நறுக்கி, நீர் தெளியும்வரை அலசி, உப்பும் ஒரு கரண்டி வினிகரும் விட்ட தண்ணீரில் ஏழு நிமிடம் வேகவைக்கிறேன். வினிகர் இருந்தால் கிழங்கு உள்ளே வெந்தும் வெளியே குழையாது. வடித்து, ஆவி அடங்கி மேல்பரப்பு வெள்ளையாகக் காயும்வரை தொடவே கூடாது. பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி 180-இல் 15 நிமிடம், 200-இல் 8 நிமிடம். கூடையைக் குலுக்கும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதலில் தொப் தொப் என்று விழும். ஆனதும் தாயக்கட்டை உருட்டுவது போலக் கலகலக்கும். கூடை நிறையக் குவித்தால் அந்தச் சத்தம் வரவே வராது. இரண்டு தடவையாகப் போடுகிறேன்.

மூன்றாம் வெள்ளிக்கு முன்னால் தூத்துக்குடிக்குப் பேசினேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “மீனை ஈரம் போகத் துடைத்தாயா?” என்றார். துடைக்கவில்லை. “ஈர மீனில் எந்த மாவுடா நிற்கும்? உப்புப் போட்டு வை. தண்ணீர் விடும். அதைத் துடைத்துவிட்டு வறட்டு மாவில் புரட்டு.” அவர் ஏர் ஃபிரையரைக் கண்ணால் பார்த்ததில்லை.

அப்படியே செய்தேன். 150 கிராம் துண்டுகள், உப்பில் கால் மணி நேரம், துணியால் ஒற்றி எடுத்து, வறட்டு அரிசி மாவில் ஒரு புரட்டு, அடித்த முட்டையில் ஒரு முக்கு. மேல் பூச்சுக்குக் குளூட்டன் இல்லாத ரொட்டித் தூள் பாதி, மெல்லிய அவல் பாதி. அவலை ஒரு கரண்டி எண்ணெயில் வறுத்துக் கையால் நொறுக்கினேன். ரொட்டித் தூளையும் அதே எண்ணெய்ச் சட்டியில் இளம்பழுப்பு வரும்வரை வறுத்தேன். இது முக்கியம். மீன் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். பச்சைத் தூள் அதற்குள் நிறம் பிடிக்காது. நிறத்துக்குக் காத்திருந்தால் மீன் சக்கையாகிவிடும்.

200 டிகிரி, பத்து நிமிடம். பொன்னிறம். முட்கரண்டி குத்தியதும் மேலே மொறுக் என்றது. உள்ளே வெள்ளைச் செதில்கள் ஈரத்தோடு பிரிந்தன. எனக்குக் கண் கலங்காத குறை. மகள் முழுத் துண்டையும் தின்று முடித்தாள். “ரொம்ப நன்றாக இருக்கிறது அப்பா. ஆனால் இது ஃபிஷ் ஃபிங்கர்.”

சரிதான். கடையில் கொடுப்பது பூச்சு அல்ல, ஓடு. மீனிலிருந்து கொஞ்சம் விலகி, உப்பி, உடைத்தால் உள்ளிருந்து ஆவி வருகிற ஓடு.

நான்காம் வெள்ளி. காற்று இறுக்குவதற்குள் மாவு வழிகிறது என்றால் முன்னாலேயே இறுக்கிவிட வேண்டும். மாவைக் கெட்டியாகக் கரைத்தேன்: அரிசி மாவு இரண்டு பங்கு, கார்ன்ஃப்ளார் ஒரு பங்கு, முட்டை ஒன்று, சாந்தன் கம் என்ற பசைப்பொடி கால் தேக்கரண்டி. கோதுமை மாவை அதிகம் அடித்தால் குளூட்டன் இழுபட்டு ரப்பராகிவிடும். இதில் அந்தப் பயம் இல்லை, கை ஓயும்வரை அடிக்கலாம். ஆனால் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. அந்த வேலைக்குத்தான் சாந்தன் கம். தோய்த்த மீனை எண்ணெய் தடவிய காகிதத்தில் வைத்து ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம். மாவு கல்லாக இறுகியதும் மேலெல்லாம் எண்ணெய் பூசி 200-இல் 14 நிமிடம், பாதியில் ஒரு திருப்பு.

ஓடு நின்றது! ஆனால் எண்ணெய் படாத இடங்களில் பச்சை மாவு திட்டுத் திட்டாக வெள்ளை பூத்திருந்தது. எண்ணெய் தெளிப்பான் போதாது. தூரிகையால் தாராளமாகப் பூச வேண்டும். ‘எண்ணெயே இல்லாமல்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை இந்தப் பண்டத்துக்கு நம்பாதீர்கள்.

ஐந்தாம் வெள்ளி, போன வாரம். மாவிலேயே ஒரு கரண்டி எண்ணெய், சிட்டிகை சர்க்கரை, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள்தூள். ஃப்ரீசரில் வைத்து, தூரிகையால் இரண்டு தடவை எண்ணெய். வெளியே எடுத்தபோது கத்தியால் தட்டினால் டக் என்றது. வடக்கே பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். அந்த மணம் இதில் வராது, ஓடும் கடையில் போல உப்பவில்லை. பத்துக்கு ஏழு போடலாம். என் மனைவி ஆறரை என்றாள்.

வினிகர் பாட்டிலைத் தயங்கித்தான் மேசையில் வைத்தேன். மால்ட் வினிகர் பார்லியில் செய்வது. லேபிளிலும் பார்லி தடித்த எழுத்தில் நிற்கிறது. ஆனால் புளித்த பிறகு மிஞ்சும் குளூட்டன் மிகச் சொற்பம், சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகர் சொல்லியிருக்கிறார். மகள் லேபிளை இரண்டு முறை படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சிப்ஸ் நனைய நனைய ஊற்றினாள்.

பாதி தின்ற பிறகு தட்டைச் சுற்றித் தேடினாள். “ஸ்கிராப்ஸ் எங்கே?”

எண்ணெய் இல்லாத இடத்தில் ஸ்கிராப்ஸுக்கு எங்கே போவது? மிச்ச மாவைக் காகிதத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, எண்ணெய் பூசி, ஃப்ரீசரில் வைத்து எட்டு நிமிடம் போட்டுப் பார்த்தேன். பொத்தான் அளவுக் குட்டித் தோசைகள் வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, உப்புப் போட்டு, ஒன்று விடாமல் தின்றாள்.