மூன்று வாளித் தண்ணீர்

1997-இல் தூத்துக்குடியில் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் 14 மாதங்கள் என் கையில் யாரும் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. வண்டிகளைக் கழுவுவது, துடைப்பது, சாயங்காலம் பனியன் வேஸ்ட்டைப் பிரித்துச் சாக்கில் அடைப்பது, இவைதாம் எனக்கு இடப்பட்ட வேலைகள். மெக்கானிக் ஆகும் ஆசையோடு வந்தவனுக்கு அது பெரிய அவமானமாகவே இருந்தது. இன்று மதுரையில் ஒரு கிடங்கில் கணக்கெழுதிப் பிழைக்கிறேன். பட்டறையில் பின்னால் கற்ற வேலைகளில் பாதி மறந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் என் ஸ்ப்ளெண்டரைக் கழுவ உட்கார்ந்தால், அந்த 14 மாதங்கள் மட்டும் கையில் அப்படியே இருக்கின்றன.

எங்களிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை உப்பளங்களுக்குள் ஓடியவை. ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பெடுப்பு நடக்கும். அந்த மாதங்களில் பாத்திகளுக்கு இடையே வரப்பில் போய்வரும் வண்டியின் மட்கார்டுக்குள், உப்பும் சேறும் கலந்து பொருக்காகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்து கிடப்பதுதானே என்று அதை விட்டுவிட முடியாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்போடு வரும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். ஆகவே துளி மழை பெய்யாத நாளிலும், கடலோர ஊரில் நிற்கும் வண்டி இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்துகொண்டுதான் நிற்கிறது. துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குப் படும் இடத்தில் அன்று. ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் இறங்கும் முனையிலும், மட்கார்டைத் தாங்கும் போல்ட்டின் அடியிலும், சைலன்சரின் கீழ்த் தையலிலும்தான்.

பட்டறை போர்வெல்லில் வந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உப்பு. முதல் இரண்டு வாளிக்கு அதைப் பயன்படுத்தலாம், கடைசி வாளி மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. பட்டறைக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் தலைமை மெக்கானிக். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதைப் பார்த்துத் தெருப் பெண்கள் ஏசுவார்கள். அந்த ஏச்சில் நியாயம் இருந்தது. ஆனால் உப்புத் தண்ணீரிலேயே கழுவி முடித்து வெயிலில் காயவிட்ட வண்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் திட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது தெரியும்.

கழுவி முடித்ததும் அண்ணாச்சி வந்து வண்டியின் பளபளப்பைப் பார்க்க மாட்டார். "எத்தனை கம்பி லூசுலே?" என்று கேட்பார். பின்சக்கரத்தின் 36 கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துணியால் உருவித் துடைத்தவனுக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். சும்மா தண்ணீரைப் பீய்ச்சியவன் விழிப்பான். இறுக்கமான கம்பியைச் சிறு ஸ்பேனரால் தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மொட்டையாகச் சத்தம் போடும். எஞ்சின் அடியில் தூசி எங்கே ஈரமாக ஒட்டியிருக்கிறது, கிளட்ச் கேபிளின் எந்தப் புரி அறுந்திருக்கிறது, முன் ஃபோர்க் ரப்பரின் ஓரத்தில் எண்ணெய் வளையம் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான், அவர் எனக்கு ஸ்பேனரைத் தராமலே வேலையைக் கற்றுத் தந்துகொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. இன்றைய வாட்டர் வாஷ் கடைகளை நான் விரும்பாததற்கு இதுவே முதல் காரணம். அழுத்தமான நீர் சீல்களைத் தாண்டி உள்ளே போய் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும், மேலே அடிக்கும் டீசல் ரப்பர் பாகங்களைக் கெடுப்பதோடு மறுநாளே தூசியையும் இழுத்துக்கொள்ளும் என்பவை அடுத்த காரணங்கள்.

துடைக்கும் துணியிலும் ஒரு பாடம் உண்டு. திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் வேஸ்ட்டில் மெல்லிய பருத்தித் துண்டும் இருக்கும். தையல் முடிச்சும் நைலான் நூலும் சில வேளை பட்டன்கூட இருக்கும். தையல் உள்ள துண்டுகள் செயினுக்கும் எஞ்சினுக்கும், தையலற்ற துண்டுகள் மட்டும் பெயின்ட்டுக்கு என்று பிரித்தெடுக்க வேண்டும். டேங்கின் மேல் வெயில் படும்போது சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதே, அது பெரும்பாலும் ஓட்டியதால் வந்ததன்று; காய்ந்த தூசியின் மேல் கையில் கிடைத்த துணியைப் போட்டுத் தேய்த்ததால் வந்தது.

நான் செய்த பெரிய தவறும் ஒரு டேங்கில்தான் நிகழ்ந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தம் பழைய புல்லட்டைப் பாலிஷ் போட விட்டுச் சென்றார். கறுப்பு டேங்க், ஓரத்தில் பொன்னிறக் கோடு. மங்கிக் கிடந்த பெயின்ட்டை ரப்பிங் காம்பவுண்டால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கண்ணாடியாக மாறிய மகிழ்ச்சியில், துணி மஞ்சளாவதை நான் கவனிக்கவில்லை. காம்பவுண்ட் என்பது மெழுகன்று, மிக நுண்ணிய தேய்ப்புத் தூள். பெயின்ட்டின் மேல்தோலைச் சீவித்தான் அது பளபளப்பைத் தருகிறது. மூன்று விரற்கடை நீளத்துக்குக் கோடு காணாமல் போயிருந்தது. 1950-களில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய தொழிற்சாலையில் அந்தக் கோடுகளைப் பன்னெடுங்காலம் ஆட்கள் கையாலேயே இழுத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. அண்ணாச்சி அடிக்கவில்லை. நம்பர் பிளேட் எழுதும் பெயின்டரை அழைத்து வந்து, அவர் நீளமயிர்ப் பிரஷால் அந்த மூன்று விரற்கடையை இழுத்து முடிக்கும்வரை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கூலியை என் வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மாலையில் வந்த பெரியவர் டேங்கைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டிவந்து, புதுக்கோடு தொடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது வீட்டில் நான் செய்வது அந்தப் பட்டறை முறையின் சுருக்கம்தான். எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு, நிழலில், சைலன்சர் வாயில் பாலித்தீன் உறையைக் கட்டிவிட்டு, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை ஊற வைப்பேன். துணி துவைக்கும் பவுடரைத் தொடுவதில்லை. அது அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் கொண்டுபோய்விடும். சைலன்சரில் துருப் புள்ளி தெரிந்தால், அலுமினியத் தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாது. பட்டறையில் இதற்காகவே சிகரெட் பெட்டிகளின் உள்தாளைச் சேர்த்து வைப்போம். பளபளக்கும் அந்தக் குரோமியப் படலம் ஒரு மைக்ரான்கூட இல்லாதது, இரும்பை உண்மையில் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான். அந்தப் பூச்சில் விழும் நுண்துளைகள் வழியே துரு எட்டிப் பார்த்துவிட்டால் பிறகு அதைத் தள்ளிப்போடலாமே தவிர ஒழிக்க முடியாது.

டேங்குக்கு மெழுகு மட்டும், அதுவும் மிக மெல்லியதாக. டயருக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் பக்கச் சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாலையைத் தொடும் பகுதியில் பூசினால் முதல் வளைவிலேயே வண்டி வழுக்கும். ஸ்ப்ளெண்டரின் செயின் முழு மூடிக்குள் இருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். கீழே உள்ள சோதனைத் துளையின் ரப்பர் மூடியைக் கழற்றி, தொய்வு 2 முதல் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். இதைச் செய்யும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஓடும் செயினில் துணியைக் கொடுத்து விரல் நுனியை இழந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத் தெருமுனை வரை ஓட்டிப் பிரேக்கை நாலைந்து முறை பிடித்து ட்ரம்மின் ஈரத்தைப் போக்கிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வண்டியை நிறுத்துவேன். போன வாரம் மறுநாள் காலையில் அந்தத் தாளில் மிளகளவு எண்ணெய்ப் பொட்டு ஒன்று விழுந்திருந்தது. குனிந்து தடவிப் பார்த்தேன், ஆயில் இறக்கும் போல்ட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. வாஷர் ஒன்று வாங்க வேண்டும்.