மூன்று லட்சம் கிலோமீட்டர் கடந்த இன்னோவா

எங்கள் வீட்டு இன்னோவா 2009 ஆம் ஆண்டில் பதிவானது. ஓடோமீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று சொன்னால், கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் "இன்ஜின் வேலை பார்த்தாச்சா?" என்பதுதான். பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இதுவரை வரவில்லை. டொயோட்டாவின் முந்தைய வண்டியான குவாலிஸின் விற்பனை நின்ற 2005 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, 2016 இல் கிரிஸ்டாவுக்கு இடம்விட்ட அந்தத் தலைமுறை இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், சென்னையின் கால் டாக்ஸிகளில் இதைவிட அதிகமாகவே உழைத்திருக்கிறது. ஓடிய தூரத்தைக் காட்டிலும், கடந்த ஆண்டுகளும் வெயிலும் உப்புக்காற்றும் தேங்கிய மழைநீரும்தான் இந்த ஊரில் ஒரு வண்டியைத் தின்கின்றன என்பது என் கணிப்பு. ஆகவே கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்த்துச் செய்யப்படும் சர்வீஸ், பழைய வண்டிக்குப் போதாது.

எங்கள் வண்டியை நெடுங்காலமாகப் பார்த்துவரும் கொளத்தூர் மெக்கானிக், பானெட்டைத் திறந்ததும் ஆயில் ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இன்ஜின் ஆறியிருக்கும்போது அது அமுங்கி, விட்டவுடன் பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலும், ஊறிப்போனதுபோல் கொழகொழவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். கிளாம்ப் இறுக்கியிருக்கும் இடத்தை ஒட்டி முடியிழை அளவில் ஓடும் வெடிப்புகளை அவர் டார்ச் அடித்துக் காட்டியபோதுதான், அதுவரை நான் வெறும் குழாயாகப் பார்த்த ஒன்றை ஒழுங்காகப் பார்த்தேன். "இன்ஜினை விடுங்க சார், அதைச் சுத்தி இருக்கற ரப்பரைப் பாருங்க" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. இன்ஜின் மவுண்ட், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ், ஃபேன் பெல்ட், பிரேக் ஹோஸ் எல்லாமே ரப்பர்தான். வண்டி ஓடாமல் நிழலில் நின்றாலும் அவற்றுக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட தெருக்களில் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும்போது முன்பக்கம் 'டொக்'கென்று சத்தம் வந்தால், ஷாக் அப்ஸார்பரைக் குறை சொல்வதற்கு முன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு பல நேரங்களில் அங்கேயே முடிந்துவிடும்.

சென்னையில் ஒரு பழைய இன்ஜினைக் காப்பாற்றுவது கூலன்ட்தான் என்பேன். இங்கே பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அவசரத்துக்கு அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள், வீட்டு வாளியின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவத்தைத்தான் இன்ஜினுக்குள்ளும் சேர்க்கிறார்கள் என்பதை நினைப்பதில்லை. கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டையே பயன்படுத்த வேண்டும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று, இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றினால் இன்ஜின் தனக்குரிய வெப்பநிலையை எட்ட நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடாவதற்கான காரணம் அடைத்த ரேடியேட்டரோ வேலை செய்யாத ஃபேனோ ஆக இருந்தால், அது அப்படியேதான் இருக்கும். மேலும், வெப்பமானி முள் நடுவில் நிற்பதை மட்டும் நம்பிவிட முடியாது. இயல்பு அளவைத் தாண்டிக் கணிசமாகச் சூடான பிறகே அது அசையும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் ஆறிய காலை நேரத்தில், ரிசர்வ் டேங்கின் அளவுக்கோட்டைப் பார்ப்பது அந்த முள்ளைவிட நம்பகமானது.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. டேஷ்போர்டில் அதற்கென்றே இருக்கும் விளக்கு எரிந்தால், அதை இறுக்கிப் பிடித்து வழிநடத்தும் டென்ஷனர், ஐட்லர் பேரிங் ஆகியவற்றோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதற்குப் பிறகு ஆகும் செலவில் பல பெல்ட்டுகள் வாங்கலாம்.

மழைக்காலம் தனிக்கதை. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் மழை எச்சரிக்கையின்போதும், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது முழுக்க நியாயமாகவே பட்டது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாததால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே வழி. இன்னோவா பின்சக்கர இழுவை வண்டி என்பதால், முழங்கால் அளவு நீரைக் கடந்து வந்தபின் பின் அச்சில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலையும் இறக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு மழைக்குப் பிறகு எங்கள் வண்டியில் இறக்கியபோது, கறுப்பாக வர வேண்டிய ஆயில் டீக்கடைப் பால் டீயின் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்படியே விட்டிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும்.

உதிரிபாகங்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, சீட், உள்பக்கப் பிளாஸ்டிக் ஆகியவற்றைப் புதுப்பேட்டையில் தயங்காமல் வாங்குவேன். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்க மாட்டேன். டயரை எங்கே வாங்கினாலும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். கோடுகள் தேயாமலே டயர் கிழடாகிவிடும்.

காகித வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் விதித்த தடையைச் செய்தியில் பார்த்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று நினைத்து வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. 15 ஆண்டுகள் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25 மூலம் விண்ணப்பித்து, பசுமை வரி கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டினால், தகுதி இருக்கும்பட்சத்தில் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். எங்கள் வண்டிக்கு 2024 இல் அப்படித்தான் கிடைத்தது.

புதிய கிரிஸ்டா வாங்கச் சாலைக்கு வரும் விலையாக 20 லட்சத்துக்கு மேல் தேவைப்படும் நிலையில், ஆண்டுக்கொரு பெரிய வேலை வந்தாலும் கணக்கு பழைய வண்டியின் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். திருவான்மியூரில் கடலுக்கு அருகே குடியிருந்த காலத்தில் பிடித்த துரு, சேஸிஸின் பின்பகுதியில் இன்றும் மேலோட்டமாக இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் லிஃப்டில் ஏற்றி, சுரண்டி, ப்ரைமர் அடித்துவருகிறோம். 2029 இல் அடுத்த புதுப்பிப்புக்குப் போகும்முன் மெக்கானிக் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது அந்தத் தகடு எங்காவது பொத்துக்கொண்டால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.