ஓய்வுத் தொகையைக் கடைசியில் பாருங்கள்: 2020இல் அமெரிக்கக் கேபின் க்ரூ போட்ட கணக்கு

2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதில் பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கென்றே 2,500 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். பணத்தை வாங்கும் நிறுவனம் செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. விமானங்களோ காலியாகப் பறந்துகொண்டிருந்தன. ஆகவே அக்டோபர் 1 விடிவதற்குள் எத்தனை பேரைத் தாங்களாகவே விலக வைக்கலாம் என்பதுதான் அந்தக் கோடை முழுக்க நிர்வாகங்களின் கவலை. விருப்ப ஓய்வு, சம்பளமில்லா நீண்ட விடுப்பு, குறைந்த சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு பேர் ஒரு மாத அட்டவணையைப் பங்கிட்டுப் பறப்பது என்று வகைவகையாகத் திட்டங்கள் வந்தன.

டெல்டா விமான நிறுவனத்தில் எல்லாப் பிரிவிலும் சேர்த்துச் சுமார் 17,000 பேர் ஓய்வையோ விலகலையோ ஏற்றார்கள். 40,000க்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு காலத்துக்கு விடுப்பில் போனார்கள். அங்கே கேபின் க்ரூவை (விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்களை) கட்டாயமாக நிறுத்த வேண்டிய நிலையே வரவில்லை. சவுத்வெஸ்டிலும் ஊழியரில் கால்வாசிக்கு மேல் ஓய்வுக்கோ நீண்ட விடுப்புக்கோ எழுதிக் கொடுக்க, அங்கும் தப்பித்தார்கள். அமெரிக்கன், யுனைடெட் இரண்டிலும் அது போதவில்லை. அமெரிக்கன் 8,100 கேபின் க்ரூவையும் யுனைடெட் 6,920 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அக்டோபர் 1 அன்று எல்லாப் பிரிவிலுமாக இந்த இரண்டு நிறுவனங்களில் மட்டும் 32,000 பேருக்குமேல் வேலை நின்றது.

இந்தத் திட்டங்கள் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு தருகிறார்கள்?" என்றுதான். அது கடைசியில் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது பணிமூப்புப் பட்டியலில் உங்கள் இடம்.

தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள அமெரிக்க விமான நிறுவனங்களில் ஆட்குறைப்புக்குத் திறமை, பயணிகளின் பாராட்டுக் கடிதம், மேலாளரின் தயவு எதுவும் கணக்கில் வராது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். இதைத்தான் ஃபர்லோ என்கிறார்கள்: சம்பளம் நிற்கும், பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் தேவைப்படும்போது மூத்தவரிலிருந்து தொடங்கித் திரும்ப அழைப்பார்கள். (அதே 2020 ஜூலையில் ஏர் இந்தியா கொண்டுவந்த சம்பளமில்லா விடுப்புத் திட்டம் இதற்கு நேர் எதிர். தகுதி, செயல்திறன், உடல்நிலை, முன்பு எடுத்த விடுப்பு ஆகியவற்றைப் பார்த்து யாரையும் 6 மாதமோ 2 ஆண்டோ கட்டாய விடுப்பில் அனுப்பவும், அதை 5 ஆண்டு வரை நீட்டிக்கவும் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். பட்டியல் முறையில் எவ்வளவு குறை சொன்னாலும், யார் போவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.)

ஒரு மாதிரிக் கணக்கு. பட்டியலில் 20,000 பேர் இருக்கிறார்கள், பறக்கத் தேவை 14,000 பேர் என்று வையுங்கள். யாரும் விலகாவிட்டால் 14,001ஆம் எண்ணிலிருந்து எல்லோருக்கும் நோட்டீஸ். மேலிருக்கும் 14,000 பேரில் 2,500 பேர் ஓய்வும் 1,500 பேர் நீண்ட விடுப்பும் எடுத்தால், நோட்டீஸ் 18,001ஆம் எண்ணிலிருந்துதான் தொடங்கும். நடுவிலுள்ள 4,000 பேர் தப்பினார்கள். ஆனால் 19,500ஆம் எண்ணில் இருப்பவர் விடுப்பு எடுத்தால் வேறு யாருடைய வேலையும் தப்பாது, அவர் எப்படியும் போகப்போகிறவர். சின்னவர்கள் தியாகம் செய்து சகாக்களைக் காப்பாற்றுவதாக நினைத்து விடுப்புக்கு எழுதிக் கொடுப்பதில் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் பார்க்காமல் நடப்பது. நோட்டீஸ் தொடங்கும் எண்தான் கோடு; அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர் விலகினால்தான் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

கோட்டுக்குக் கீழே இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: நானாக விடுப்பில் போவதா, அவர்கள் நிறுத்தும்வரை காத்திருப்பதா? இங்கேதான் 'விருப்பப்படி' என்று கையெழுத்துப் போட்ட தாளின் விலை தெரிகிறது. கட்டாயமாக நிறுத்தப்பட்டவருக்கு வேலையில்லாக் கால உதவித்தொகை வாங்கச் சிக்கல் குறைவு. விருப்ப விடுப்பில் போனவருக்கு அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மறுக்கவும் செய்வார்கள். மறுபுறம், பல விடுப்புத் திட்டங்களில் மருத்துவக் காப்பீடு பணியில் இருப்பவருக்கான கட்டணத்திலேயே தொடர்ந்தது. ஃபர்லோவில் போனவர் சில காலத்துக்குப் பின் முழுப் பிரீமியத்தையும் தானே கட்ட வேண்டும். வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால் விடுப்பு, இல்லாவிட்டால் காத்திருப்பு என்று தோராயமாகச் சொல்லலாம்.

அடுத்து வந்த இரண்டு சட்டங்களும் காத்திருந்தவர்கள் பக்கமே நின்றன. 2020 டிசம்பர் 27 அன்று இன்னொரு 1,500 கோடி டாலர் வந்தபோது, கட்டாயமாக நிறுத்தப்பட்டவர்களைத் திரும்ப எடுத்து டிசம்பர் 1 முதலான சம்பளத்தைக் கொடு என்றது சட்டம். ஓய்வுக்குக் கையெழுத்திட்டவர்கள் அதில் வரவில்லை. 2021 மார்ச்சில் வந்த சட்டம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கோப்ரா (வேலை போனபின்னும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டையே தொடரும் வழி) காப்பீட்டுப் பிரீமியம் முழுவதையும் அரசே ஏற்கும் என்றது. அதுவும் வேலையைத் தானாக விடாதவர்களுக்கு மட்டும். 2020 ஜூலையில் இதை யாரும் கணித்திருக்க முடியாதுதான். ஆனால் அரசு உதவி பேச்சில் இருக்கும்போது, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவசரப்பட்டு நிரந்தர ஓய்வுக்குப் போகக் கூடாது என்பது அன்றைக்கும் சொல்லக்கூடியதாகவே இருந்தது.

ஃபர்லோவுக்கும் ஒரு ஆபத்து உண்டு. திரும்ப அழைக்கும் உரிமை என்றென்றைக்குமானது அல்ல. 2001இல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது அதன் கேபின் க்ரூவைப் பட்டியலின் அடியில் சேர்த்தார்கள். 20, 30 ஆண்டு பறந்தவர்கள் நேற்று சேர்ந்தவருக்குக் கீழே. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகான ஆட்குறைப்பில் 2003 கோடைக்குள் அவர்கள் எல்லோரும் வெளியே. பலருக்கு அழைப்பு வருமுன்பே உரிமை காலாவதியானது. நிறுவனங்கள் இணையும்போது பணிமூப்பை நியாயமாக இணைக்க வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்ததற்கு இது ஒரு காரணம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த உரிமை எத்தனை ஆண்டு என்பதைத் தேடிப் படியுங்கள். முகவரி மாறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அழைப்புக் கடிதத்துக்குப் பதில் தரும் நாள்கள் மிகக் குறைவு.

இனி மூத்தவர்கள். அமெரிக்காவில் விமானிகளுக்கு 65 வயது உச்சவரம்பு, கேபின் க்ரூவுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1957இல் பணியில் சேர்ந்த பெட்டி நாஷ் 2024இல் 88 வயதில் இறந்தபோதும் முறைப்படி ஓய்வு பெற்றிருக்கவில்லை. ஆகையால் 'எப்போது போவது' என்பதை வயது முடிவு செய்யாது, பெரும்பாலும் மருத்துவக் காப்பீடுதான் முடிவு செய்யும்.

அரசின் மெடிகேர் காப்பீடு 65 வயதில் தொடங்குகிறது. வேலையை விட்டபின் நிறுவனத்தின் காப்பீட்டையே தொடர கோப்ரா சட்டம் பொதுவாக 18 மாதம் தருகிறது. செலவு, நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்த முழுப் பிரீமியம், அதன்மேல் 2 சதவீதம். இரண்டையும் ஒட்டினால் 63½ வயது வருகிறது. அந்த வயதைத் தாண்டியவருக்கு ஓய்வுத் திட்டம் ஒரு நல்ல பேரம். 58 வயதுக்காரருக்கு 7 ஆண்டு இடைவெளி, அதில் 18 மாதம் போக மீதியைத் தனிச் சந்தையில் வாங்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் தொகையின் பெரும்பகுதியை இது தின்றுவிடும். கோப்ராவைத் தேர்வு செய்ய 60 நாள் அவகாசம். இன்னொரு பள்ளம்: 65ஐத் தாண்டியபின் வேலையை விடுபவர் "கோப்ரா இருக்கிறதே" என்று மெடிகேரின் பி பகுதியில் (மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கானது) சேராமல் இருந்துவிடுவது. வேலை நின்ற 8 மாதத்துக்குள் சேராவிட்டால் தாமதமான ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடுதல் கட்டணம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

இப்போது தொகைக்கு வருவோம். மொத்தமாகத் தரும் விலகல் பணத்தில் மத்திய வரிக்கென்று 22 சதவீதமும், சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமாக 7.65 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். மாநில வரி தனி. காசோலையைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள். அதே தொகையை மருத்துவச் செலவுக் கணக்கில் போட்டுத் தரும் திட்டங்களும் இருந்தன. வரியில்லாமல் முழுசாக வரும், ஆனால் மருத்துவச் செலவுக்கு மட்டும்தான் எடுக்க முடியும். 65ஐ எட்டாதவருக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே.

401கே என்ற நிறுவன ஓய்வுகாலச் சேமிப்பில் 55 என்ற வயது முக்கியம். 55 நிறையும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்த நிறுவனத்தின் 401கே பணத்தை 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம். வருமான வரி உண்டு. 54 நிறையும் ஆண்டிலேயே விட்டுவிட்டு 55 ஆனதும் எடுக்கப் போனால் இந்தச் சலுகை கிடையாது. வேலையை விட்டதும் பணத்தைத் தனிநபர் ஓய்வுக் கணக்குக்கு மாற்றினாலும் போய்விடும், அங்கே 59½ வரை காத்திருக்க வேண்டும். ஆலோசகர்கள் மாற்றச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், அவர்களுடைய கட்டணம் அதில்தான் இருக்கிறது. 401கேயில் கடன் வாங்கியிருந்தால், வேலையை விட்டபின் தீராத பாக்கியைப் பணம் எடுத்ததாகவே கருதி வரி போடுவார்கள். அந்த ஆண்டின் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அதே அளவு பணத்தை ஓர் ஓய்வுக் கணக்கில் போட்டால் தப்பலாம்.

கையெழுத்துக்கு முன் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நிறுவனத்தின் மேல் வயதுப் பாகுபாட்டு வழக்குப் போடமாட்டேன் என்று 40 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் எழுதி வாங்கும்போது, கூட்டாக அறிவித்த விலகல் திட்டம் என்றால் யோசிக்க 45 நாள் கொடுக்க வேண்டும், கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இது. "வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று மேலாளர் சொன்னால், தாளில் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சங்கப் பிரதிநிதியிடம் போங்கள். ஓய்வில் போனபின் திரும்பி வர நினைத்தால் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் வர வேண்டும். 30 ஆண்டுப் பணிமூப்பு போனால் போனதுதான்.

விடுப்பு பார்ப்பதற்குப் பாதுகாப்பானதாகத் தெரியும். அதன் செலவுகள் பின்னால் வரும். பட்டியலில் இடம் அப்படியே இருந்தாலும் சம்பளப் படிநிலை ஏறுமா என்பது வேறு விஷயம், ஒப்பந்தத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவு. அடுத்த ஆண்டு விடுமுறை நாள்கள் இந்த ஆண்டு பணியில் இருந்த மாதங்களைப் பொறுத்தவை. சம்பளம் இல்லாத மாதத்தில் 401கேக்கு நிறுவனத்தின் பங்கும் இல்லை. இவற்றோடு குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்திலும் மாட்டிக்கொள்ளலாம். விமான ஊழியருக்கு அதன் பாதுகாப்பு கிடைக்க, முந்தைய 12 மாதத்தில் 504 மணி நேரமும், மாதத்துக்கு நிறுவனம் உறுதியளித்த குறைந்தபட்ச நேரத்தில் 60 சதவீதமும் சேர்ந்திருக்க வேண்டும். ஓராண்டு விடுப்பிலிருந்து திரும்பியவரிடம் அந்த மணிகள் இருக்காது. திரும்பிய இரண்டாம் மாதம் தாய்க்கு அறுவை சிகிச்சை என்றால் சட்டப்படியான விடுப்பு கிடையாது, ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும். பிரசவத்தையோ திட்டமிட்ட சிகிச்சையையோ எதிர்பார்ப்பவர்கள் விடுப்பின் நீளத்தை இதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

திரும்பி வருவதும் அழைப்புக் கடிதத்தோடு முடிவதில்லை. வருடாந்தரப் பயிற்சி 12 மாதத்துக்கு ஒரு முறை, கெடு மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் சலுகை. அதைத் தாண்டினால் தகுதி போய்விடும், கதவு திறப்பதிலிருந்து மறுபடி செய்து காட்ட வேண்டும். விமான நிலைய அடையாள அட்டைக்கு மறுபடி கைரேகை. போதைப்பொருள் சோதனைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியிருந்தால் புதிய சோதனை. பாஸ்போர்ட் காலாவதியாகி இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வரும்போது பயிற்சி மையத்தில் இடம் கிடைக்காமல் காத்திருப்பு, அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை விடுப்புத் தாளிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அதே தாளில் நிறுவனம் முன்கூட்டியே அழைக்கலாம் என்ற வரியையும் தேடுங்கள். 2021இல் பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பினார்கள். சவுத்வெஸ்ட் நீண்ட விடுப்பில் இருந்தவர்களை முன்னதாகவே கூப்பிட்டது. அக்டோபர் கடைசியில் ஆள் பற்றாக்குறையால் விமானங்களை ரத்து செய்த அமெரிக்கன், நவம்பர் 1 முதல் சுமார் 1,800 கேபின் க்ரூ விடுப்பிலிருந்து திரும்புவார்கள், மீதிப் பேர் டிசம்பர் 1க்குள் வருவார்கள் என்று அறிவித்தது. விடுப்பை நம்பிப் படிப்பில் சேர்ந்தவரும் வேறு ஊரில் வீடு எடுத்தவரும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் தங்கள் தேதிகளை மாற்ற வேண்டியிருக்கும்.