என் கல்லீரல் எந்தக் கடிகாரம் பார்க்கிறது?

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதிகாலை 3.20. விழிப்பு வந்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. காரணம் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு நிமிடத்தில் நானே தேடிப் பிடித்துவிடுகிறேன்: வீட்டுக்கடன், அம்மாவின் முழங்கால், இன்னும் அனுப்பாத ஒரு மின்னஞ்சல். பாலிகிளினிக்கில் தைராய்டு, ஈசிஜி எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை.

மார்ச் 8, சனி

அலுவலகத் தோழி இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், இழுத்துக்கொண்டு போனாள். குட்டித் தலையணையில் கையை வைத்து மூன்று விரலால் நாடி பார்த்தார், பிறகு மற்றக் கை. நம் சித்த வைத்தியருக்கும் மூன்று விரல்தான், ஆனால் அங்கே வாதம், பித்தம், கபம். இங்கே விரலுக்கு விரல் வேறு உறுப்பு. நாக்கின் நுனி சிவந்திருக்கிறதாம். இதயம்தான் 'ஷென்' என்கிற மனத்துக்கு வீடு, கல்லீரலில் ரத்தம் குறைந்து சூடு ஏறினால் ராத்திரியில் அது வீடு தங்காது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்சுற்றிச் சித்தப்பாவைப் பாட்டி அப்படித்தான் திட்டுவார்.

மார்ச் 9, ஞாயிறு

சின்சே தந்த பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். சுவான் சாவ் ரென் தாங், ஐந்து சரக்கு, ஏறக்குறைய 1800 வருஷத்து மருந்து. முக்கியமான சரக்கு ஒரு வகை இலந்தையின் கொட்டைப் பருப்பு. சின்ன வயதில் இலந்தைக்கொட்டையைத் துப்பித் தள்ளியதற்கு இப்போது காசு கொடுத்து விழுங்குகிறேன்.

மார்ச் 12, புதன்

3.10. சீன வைத்தியக் கணக்கில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மணி நேரம்: ராத்திரி 1 முதல் 3 வரை கல்லீரல் நேரம், 3 முதல் 5 நுரையீரல், அதாவது துக்கத்தின் உறுப்பு. ஆனால் சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது, இங்கே உச்சி வெயிலே மதியம் 1 மணிக்கு மேல்தான், அப்படிப் பார்த்தால் சூரியக் கணக்கில் இப்போது மணி 2. எழுப்புவது கல்லீரலா நுரையீரலா? இந்தக் கணக்கில் படபடப்பு மறந்தே போயிற்று.

மார்ச் 15, சனி

சின்சேயிடமே கேட்டேன். "மணி பார்த்து நான் மருந்து தருவதில்லை, நாக்கும் நாடியும்தான்" என்றார். மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம், 'ஷென்மென்' என்ற புள்ளியில் ஊசி. மனவாசல் என்று பொருளாம். இந்த வாரம் இரண்டு இரவு விழிக்கவே இல்லை. பொடியா, ஊசியா, பத்து மணிக்கு ஃபோனைத் தொடாமல் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்ததா? எனக்குச் சந்தேகம் ஃபோன் மேல்தான். அடுத்த சனிக்குள் காபியைக் குறைக்க வேண்டுமாம். அது மட்டும் நடக்காது.