கேசட் சிக்கிய இடம்

அண்ணன் வாங்கி வந்த அயர்ன் கிராஸ் என்ற பர்மிய ராக் குழுவின் கேசட்டை எத்தனை தடவை போட்டிருப்போம் என்று கணக்கே இல்லை. யாங்கோன் கொன்செடான் தெருவில், காளி கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீடு. கரண்ட் போகாத நாள் அபூர்வம். பேட்டரியை மிச்சம் பிடிக்க, பென்சிலைச் செருகித்தான் நாடாவைச் சுற்றுவோம். 'பி' பக்கம் இரண்டாவது பாட்டில் நாடா சிக்கி ஒரு வரி குழறும். அந்தக் குழறலோடுதான் எனக்குப் பாட்டே மனப்பாடம்.

அப்பாவுக்கு டி.எம்.எஸ். தவிர மற்றதெல்லாம் இரைச்சல்.

இருபது வருஷம் கழித்து, அதே அண்ணனோடு திறந்தவெளி மைதானத்தில், அயர்ன் கிராஸ் கச்சேரியில் நின்றேன். லே ஃப்யூ, மியோ ஜீ என்று பாடகர்கள் பலர் உள்ள குழு அது. எனக்கு என்றைக்குமே சிட் சான் மாங்கின் கிடார்தான். அவருடைய இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தியை மேலே தள்ளிப் பிடித்து, ஸ்வரத்தை அழவிட்டு, மெல்ல இறக்கினார். நாதஸ்வரத்தில் கமகம் இழையுமே, அப்படி. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பாட்டு வரிகள்கூட தணிக்கைக்குப் போய் வந்த காலத்தில் கேட்ட பாட்டுகள் அவை. இப்போது கூட்டமே தொண்டை கிழியப் பாடியது.

எங்கள் பாட்டும் வந்தது. சிக்கும் இடத்தில் சிக்கவில்லை. அந்த வரியை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

அண்ணன் குனிந்து, "இங்கதானே பாப்பா சிக்கும்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.