இடையில் வந்து நிற்க ஒருவர்

நிரந்தர வசிப்பு விசாவுடன் 2020 ஜனவரியில் நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்னுக்குக் குடிவந்தபோது மகனுக்கு ஏழு வயது; இரண்டாவது குழந்தை என் வயிற்றில் இருந்தது. ஆகஸ்ட் பிரசவத்துக்கு அம்மா வருவதாக ஏற்பாடு. கொரோனா பெருந்தொற்றால் மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா வெளிநாட்டவருக்குத் தன் எல்லையை மூடியது. எங்களைப் போன்றோரின் நெருங்கிய குடும்பத்தினருக்கு விலக்கு உண்டு என்றார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் கணவன், மனைவி, பிள்ளைகள் இருந்தார்களே தவிர, பெற்றோர் இல்லை. 2021 நவம்பர் 1 முதல்தான் பெற்றோரையும் அதில் சேர்த்தார்கள். பேறுகாலத்துக்குத் தாய் வருவதையே குடும்பத்தின் அடிப்படைக் கடமையாகக் கருதும் எங்களுக்கு அந்த விதி தந்த வேதனை இன்றும் குறையவில்லை.

2020 ஆகஸ்ட் 2 முதல் மெல்பர்னில் நான்காம் கட்ட முடக்கம் நடைமுறைக்கு வந்தது. இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை ஊரடங்கு. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் செல்லக் கூடாது. உடற்பயிற்சிக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். விளையாட்டுத் திடல்களும் மூடப்பட்டன. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கணவரின் அலுவலகமும் மறு முனையில் மகனின் வகுப்பும் நடக்க, அடுத்த அறையில் பச்சிளங்குழந்தை அழும். வேலை நிலைக்குமா என்ற கவலையில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தூக்கமில்லாத நான் எரிந்து விழுந்தேன். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மகன் நகம் கடிக்கத் தொடங்கினான்.

ஊரிலும் சண்டைகள் உண்டு. ஆனால் அங்கே நான் பிள்ளையை அதட்டினால் மாமியார் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எங்கள் இருவருக்குள் குரல் உயர்ந்தால் மாமனார் ஏதாவது வேலை சொல்லி அவரை வெளியே அனுப்பிவிடுவார். அந்த மூன்றாம் ஆள் இல்லாத வீட்டில் ஒருவரின் பயம் நேராக அடுத்தவர்மேல் விழுகிறது, கடைசியில் பிள்ளைமேல் வந்து தங்குகிறது. பெருந்தொற்றுக் கால மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது புலம்பெயர்ந்த குடும்பங்களின் இந்தக் குறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விக்டோரியா மாநிலத்தின் தாய் சேய் நலச் செவிலியர், குழந்தையின் எடையை விசாரித்த பிறகு, “உங்களுக்கு யார் துணை?” என்று தொலைபேசியில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அம்மாவை வீட்டுக்குள் கொண்டுவரும் வழியை யோசித்தோம். மாலை நான்கு மணிக்கு, ஊரில் பகல் பதினொன்றரைக்கு, மகன் கைப்பேசியுடன் அவன் அம்மாயி முன் உட்கார்ந்துவிடுவான். “ஏஞ்சாமி, இன்னைக்கு உன்னை ஆரு வைஞ்சாங்க?” என்பதுதான் அவர் முதல் விசாரணை. அவன் எங்கள் இருவர்மேலும் ஒளிவு மறைவில்லாமல் புகார் சொல்வான். அந்த அரை மணி நேரத்தில் நானும் கணவரும் வாடகை, வேலை, பயம் எல்லாவற்றையும் அவன் காதில் விழாமல் பேசித் தீர்த்தோம். சில வாரங்களில் அவன் நகம் கடிப்பது குறைந்தது.

அம்மா 2022 மார்ச்சில் வந்து, விசாக் காலம் முடிந்து திரும்பினார். இப்போது பக்கத்துத் தெருவில் உள்ள திருநெல்வேலிக் குடும்பத்துடன் ஓர் ஏற்பாடு இருக்கிறது: இரு வீட்டில் எதில் சூடு ஏறினாலும் பிள்ளைகள் மற்ற வீட்டுக்குப் போய்விடலாம், காரணம் கேட்கப்படாது. புதிதாக வருபவர்கள் வீடும் பள்ளியும் பற்றிக் கேட்கும்போது, அப்படி ஒரு வீட்டையும் முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளச் சொல்கிறோம்.