அஸ்டெக் பிரபுக்களும் படைத்தலைவர்களும்: வாசிப்பு நாட்குறிப்பு

8 ஜூலை 2024, திங்கள்

மெக்சிகோவின் அஸ்டெக் மக்களைப் பற்றிய ஓவியச் சுவடியான மெண்டோசா சுவடியில் போர்வீரர்களைக் காட்டும் பக்கத்தை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானியர் வெற்றிக்குப் பின், 1541-ஐ ஒட்டி, அந்த மண்ணின் ஓவியர்களே தீட்டியது அது. வரிசையாக நிற்கும் வீரர்கள் ஒவ்வொருவரும் தம்முன் குறுகிக் கிடக்கும் பகைவனின் தலைமயிரைப் பற்றியிருக்கிறார்கள். ஒருவனைச் சிறைபிடித்தவனுக்குப் பூவேலை செய்த மேலாடை, இருவரென்றால் கூம்புத் தொப்பியும் போர் உடுப்பும், மூவரென்றால் முதுகில் பட்டாம்பூச்சி அணி, நால்வரென்றால் ஜாகுவார்க் கோலம் என்று, கொன்று குவித்ததைவிட உயிரோடு பிடித்து வந்ததே மேலான வீரமாக மதிக்கப்பட்டிருக்கிறது. பிடிபட்டவர்களுள் மிகப் பலர் பலிபீடத்துக்கே போனார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு வண்ணங்களை மட்டும் ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

9 ஜூலை 2024, செவ்வாய்

பிரபு குலத்தில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் கால்மெகாக் என்னும் உயர் பள்ளியிலும், குடியானவர் பிள்ளைகள் டெல்போச்கால்லி என்னும் பொதுப் பள்ளியிலும் பயின்றார்கள். ஆனால் களத்தில் தொடர்ந்து கைதிகளைப் பிடித்த குடியானவன், வரிவிலக்கும் நிலமும் பெற்று, ‘கழுகுப் பிரபு’ என்னும் தகுதிக்கு உயர முடிந்தது. அந்தச் சமுதாயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த வழிதான்.

13 ஜூலை 2024, சனி

1428-இல், அதுவரை அஸ்டெக்குகளை அடக்கி வைத்திருந்த அஸ்கபோட்சால்கோ நகர அரசு வீழ்ந்தபின், இட்ஸ்கோவாட்ல் மன்னரும் அவருடைய தலைமை ஆலோசகர் ட்லாகாயெலெலும் கைப்பற்றிய நிலங்களைப் பகிர்ந்தளித்தபோது பெரும்பங்கு பிரபுக்களுக்கே போனது. மன்னருக்கு அடுத்த நிலையில் நால்வர் கொண்ட குழு இருந்தது. அதில் ட்லகோச்கால்காட்ல், ட்லகாடெக்காட்ல் ஆகிய இருவரும் தலைமைப் படைத்தலைவர்கள். அடுத்த மன்னர் பொதுவாக இந்த வட்டத்திலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டதால், போரறியாத ஒருவர் அரியணை ஏறுவது அரிது. தேர்வான பிறகும் முடிசூட்டுப் போர் ஒன்றை நடத்திக் கைதிகளோடு திரும்பியாக வேண்டும். டிசோக் மன்னர் தம் முடிசூட்டுப் போரில் மெட்ஸ்டிட்லான் என்னும் பகுதியின் மீது படையெடுத்து, பிடித்து வந்தவர்களைவிட அதிகமான சொந்த வீரர்களை இழந்தார். 1486-இல் அவர் இறந்தபோது நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

14 ஜூலை 2024, ஞாயிறு

டிசோக்குக்குப் பின் மன்னரான அவருடைய தம்பி அவிட்சோட்ல், குவாத்தமாலாவை ஒட்டிய சோகோனோச்கோ வரை பேரரசை விரித்தவர். தாழ்ந்த குடியில் பிறந்தவர்களையும் பதவியில் வைத்திருந்தார். 1502-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் மொக்தெசூமா அவர்களை நீக்கிவிட்டு, அரண்மனைப் பணிகளைப் பிரபு குலப் பிள்ளைகளுக்கே ஒதுக்கினார் என்று டியேகோ துரான் என்னும் துறவி எழுதியிருக்கிறார். மன்னரைச் சுற்றிப் பழைய விசுவாசிகள் இல்லாதபடி பார்த்துக்கொள்ளும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும் சோகோனோச்கோவரை நடந்து போரிட்டுப் பதவி பெற்ற அந்த மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதியாகவே நான் இதைக் காண்கிறேன்.